3 கிலோவாட் சோலார் நண்பகலில் மட்டும் நின்றுவிடுகிறது: உதவி தேவை

நத்தம் வீடு: வணக்கம். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியத்தை நம்பி, போன மாதம் மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல்கள் போட்டோம். நாளொன்றுக்கு 12 யூனிட் வரும் என்றார்கள். 7 யூனிட்டைத் தாண்டவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்று, சில நிமிடங்களில் தானே இயங்கி, மறுபடியும் நிற்கிறது. அப்பாவின் ஓய்வூதியச் சேமிப்பில் செய்த செலவு என்பதால் மனம் ஆறவில்லை. விரைவாக வழி சொல்லுங்கள்.

திண்டிவனம் தோழி: ஆன்கிரிட்டா (மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்து இயங்குவது), ஹைப்ரிட்டா (பேட்டரியும் இணைக்கக்கூடியது)? நிற்கும்போது திரையில் என்ன பிழை காட்டுகிறது? இவை தெரியாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கடலூர் ஆசிரியர்: தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் காரணமாக இருக்கும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் உற்பத்தி குறைவதை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

மூத்த உறுப்பினர்: இதைப் பலமுறை எழுதிவிட்டேன், பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்பதே முறை. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். இது அடிப்படைப் பாடம்.

ஈரோடு மின்பணியாளர்: ஐயா, சூடும் நிழலும் உற்பத்தியைக் குறைக்குமே தவிர, இன்வெர்ட்டரை இப்படி நிறுத்தி நிறுத்தி இயக்காது. நண்பகலில் நிழலும் குட்டையாகத்தான் இருக்கும். எனக்கு வோல்டேஜின் மேல்தான் சந்தேகம். இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் இடையே எத்தனை மீட்டர், எந்த அளவு வயர்?

திண்டிவனம் தோழி: ஹைப்ரிட்டும் பேட்டரியும் வாங்கியிருந்தால் மின்தடையிலும் விளக்கெரியும். ஆன்கிரிட் வாங்குவோரிடம், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூத்த உறுப்பினர்: அது குறையல்ல, பாதுகாப்பு. கம்பத்தில் வேலை செய்பவர் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடும் கம்பியில், உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது.

திண்டிவனம் தோழி: ஹைப்ரிட்டும் வெளிக்கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டுதான் வீட்டுக்குத் தருகிறது. பாதுகாப்பையும் வெளிச்சத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை.

நத்தம் வீடு: தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆன்கிரிட், ஒருமுனை இணைப்பு. திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ (மின்வாரிய இணைப்பில் வோல்டேஜ் அதிகம்) என்று வருகிறது. மீட்டர் வாசல் பக்கம் இருப்பதால் 40 மீட்டர் வயர் இழுத்தார்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்று பில்லில் உள்ளது. இன்வெர்ட்டரின் மேல்வரம்பு 253 வோல்ட் என்கிறது கையேடு. அம்மா போர் மோட்டார் போடும் நேரத்தில் மட்டும் நிற்பதில்லை. இது முக்கியமா என்று தெரியவில்லை.

ஈரோடு மின்பணியாளர்: அம்மா கவனித்ததுதான் முக்கியத் தடயம். மின்சாரத்தை வெளியே தள்ள, இன்வெர்ட்டர் தன் முனையில் வோல்டேஜை வெளிக்கம்பியை விடச் சற்று உயர்த்தியாக வேண்டும். உச்சி வெயிலில் ஏறத்தாழ 12 ஆம்பியர் பாயும்போது, போக வர 80 மீட்டர் ஆகும் அந்த மெல்லிய வயரிலேயே 7 வோல்ட் ஏறிவிடும். மோட்டார் ஓடினால் மின்சாரம் வீட்டிலேயே செலவாகி, வோல்டேஜ் இறங்குகிறது. நண்பகலில், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் அருகிலும் ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதானால் 6 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாற வேண்டும். மீட்டரிலேயே 250 இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுங்கள். எதுவானாலும், அனுமதியின்றி இன்வெர்ட்டரின் வரம்பை உயர்த்த யாரையும் விடாதீர்கள். வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களும் அந்த வோல்டேஜைத்தான் தாங்க வேண்டியிருக்கும்.

கடலூர் ஆசிரியர்: நிழல் என்று நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆயினும் மாலையில் தொட்டிப் பக்கம் ஒருமுறை பாருங்கள்.

நத்தம் வீடு: மீட்டரில் 246, இன்வெர்ட்டரில் 253 காட்டியது. வயரை மாற்றி நான்கு நாட்களாயின, ஒருமுறைகூட நிற்கவில்லை. நேற்று 12.4 யூனிட். நன்றி.

திண்டிவனம் தோழி: மகிழ்ச்சி. புது வயருக்கான செலவை நிறுவியவர்கள் ஏற்றார்களா, நீங்களா? எங்கள் தெருவிலும் இதே போன்ற வயர்தான் இழுத்திருக்கிறார்கள்.