ஆப்பிள் ஸ்டெம் செல் கிரீம் வாங்கலாமா? (பிடி மருந்து வரை போன விவாதம்)

மாடித்தோட்டம் மதி:
பார்லரில் ஒரு கிரீமைக் காட்டினார்கள். 30 மி.லி. 1,900 ரூபாய். ஸ்விட்சர்லாந்து ஆப்பிளின் ஸ்டெம் செல் (புதுச் செல்களை உண்டாக்கும் மூல செல்), நம் தோலில் தூங்கும் ஸ்டெம் செல்லை எழுப்பிவிடுமாம். மாடியில் முட்டைக்கோஸுக்கு நான் அடிக்கிற பிடி மருந்தையும் (Bt, அதாவது ‘பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற மண் பாக்டீரியாவில் செய்த புழுக்கொல்லி) ‘பயோடெக்’ என்றுதான் சொல்கிறார்கள். அதில் புழு நிஜமாகவே சாகிறது. அப்படியானால் இதையும் நம்பலாமா?

சோதனைக்குழாய்:
வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். அந்த ஆப்பிள், மாதக்கணக்கில் வாடாமல் இருக்கும் ஒரு பழைய ஸ்விஸ் ரகம். 2008 வாக்கில் மிபெல் என்ற நிறுவனம் அதன் செல்களிலிருந்து சாறு தயாரித்து விற்க ஆரம்பித்தது. பழத்தை வெட்டினால் காயத்தில் திரளும் செல்களைத் திரவத்தில் பெருக்கி, அதிக அழுத்தத்தில் உடைத்து, லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு கலக்கிறார்கள். ஆக, டப்பாவுக்குள் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. வாடாத ஆப்பிளைப் பூசினால் முகமும் வாடாதாம். ஆமைக்கறி தின்றால் நூறு வயசு என்கிற கதைதான்!

கோவை ஃபார்மா:
சார், கொஞ்சம் நிதானம். பார்லரில் சொன்னது மிகை, சரி. அதற்காகத் தாவர செல் வளர்ப்பையே கேலி செய்யாதீர்கள். ஜப்பானில் ஷிகோனின் என்றொரு செஞ்சாயம் உண்டு, ஒரு செடியின் வேரில் கிடைப்பது. வேர் முற்ற ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். 1980-களில் மிட்சுயி நிறுவனம் அந்தச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, சுமார் மூன்றே வாரத்தில் சாயத்தை எடுத்துக் காட்டியது. கானெபோ என்ற அழகுசாதன நிறுவனம் அதை லிப்ஸ்டிக்கில் போட்டு விற்றது. புற்றுநோய் மருந்து பாக்ளிடாக்செல்லுக்கு முன்பெல்லாம் யூ மரத்தின் பட்டையை உரித்தார்கள். இப்போது செல் வளர்ப்பிலேயே அதைத் தயாரிக்க முடிகிறது. ஆப்பிள் சாற்றுக்கும் சோதனை நடந்திருக்கிறது: 20 பெண்கள், நான்கு வாரம், கண்ணோரச் சுருக்கத்தின் ஆழம் சராசரியாக 15 சதவீதம் குறைந்தது.

சோதனைக்குழாய்:
ஷிகோனினில் எனக்குச் சண்டையே இல்லை. செல் தருகிற பொருள் எது என்று தெரியும், அளக்கலாம். லிப்ஸ்டிக் சிவப்பா இல்லையா என்று கண்ணாடி சொல்லிவிடும். ஆப்பிள் சாற்றில் எந்தப் பொருள் தோலில் என்ன செய்கிறது? வெறும் 20 பேர், அதுவும் சரக்கை விற்பவரே நடத்திய சோதனை. நல்ல ஈரப்பசை கிரீம் எதைப் பூசினாலும் மெல்லிய சுருக்கம் கொஞ்சம் தளரத்தான் செய்யும். பிடியைப் பாருங்கள்: புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. பாக்டீரியாவின் புரதப் படிகம் அதில் கரைந்து, குடல் சுவரில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் ஒட்டி, ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த ஏற்பியும் நமக்கு இல்லை. ஒவ்வொரு படியையும் காட்ட முடிகிறது.

ஓசூர் பட்டு:
பிடியை ரொம்பக் கொஞ்சாதீர்கள். 1901-ல் ஜப்பானில் இஷிவாடா அதைக் கண்டுபிடித்ததே நோயில் செத்த பட்டுப்புழுவில்தான். துரிங்கியா என்ற ஜெர்மன் ஊர்ப்பக்கத்துப் பெயர் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தோட்டக்காரர் கோஸுக்கு அடித்தது காற்றில் வந்து என் மல்பெரியில் படிந்து, ஒரு படுக்கைப் புழு முழுக்கத் தின்பதை நிறுத்திவிட்டது. கேட்டால், ‘இயற்கை மருந்துதானே’ என்கிறார். மண்ணில் இருப்பதெல்லாம் சாதுவா? போட்டுலினம் நஞ்சைத் தரும் பாக்டீரியாவும் மண்ணில் வாழ்வதுதான். அப்புறம், அந்தப் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த பிடி பருத்தி இந்தியாவுக்கு 2002-ல் வந்தது. 2010-லேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குத் தாக்குப்பிடிக்கிறது என்று விற்ற நிறுவனமே சொல்லிவிட்டது.

கோவை ஃபார்மா:
அந்தப் போட்டுலினத்தைத்தான் அண்ணா, 2002-ல் அமெரிக்கா புருவநடுச் சுருக்கத்துக்கு ஊசியாக அனுமதித்தது! சுருக்கத்துக்கு மண் பாக்டீரியா நிஜமாக வேலை செய்த இடம் அது.

ஊட்டி கோஸ்:
பட்டு அண்ணன் மல்பெரி பற்றிச் சொன்னது நியாயம். பட்டு வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால் பிடியைக் கையில் எடுக்கவே கூடாது. ஆனால் பருத்தியை இதில் இழுக்காதீர்கள். அங்கே செடியே சீசன் முழுக்க நஞ்சைச் சுமக்கிறது. தெளிப்பு சில நாள் வெயிலில் போய்விடும், அதனால்தான் சாயங்காலம் அடிக்கிறோம். அடித்த அன்று புழு சாகாது. தின்பதை நிறுத்திவிட்டு இலையிலேயே கிடக்கும், இரண்டாம் மூன்றாம் நாள் கறுத்துத் துவண்டு தொங்கும். இது தெரியாமல் மறுநாள் காலையிலேயே ‘போலி மருந்து’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

ஓசூர் பட்டு:
தெளித்தால் எதிர்ப்பு வராதா? ஹவாய்த் தீவின் வயல்களில் வைரமுதுகு அந்துப்பூச்சி பிடிக்கு அசையாமல் போனதை 1990-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். பிடி பயிர் எதுவும் அப்போது விற்பனைக்கே வரவில்லை. விடாமல் தெளித்துத் தெளித்தே வந்த வினை. உங்கள் கோஸுக்கும் அதே பூச்சிதானே, தம்பி?

ஊட்டி கோஸ்:
அதே பூச்சிதான். அதனால்தான் ஸ்பைனோசாட் என்ற இன்னொரு பூச்சிமருந்தோடு மாற்றி மாற்றி அடிக்கிறோம். அதுவும் மண் பாக்டீரியா தருவதுதான், கரீபியனில் மூடிக்கிடந்த ஒரு ரம் ஆலையின் மண்ணில் கிடைத்தது. ஈரம் காயும்வரை தேனீக்கு ஆகாது என்பதால் அதையும் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும்.

மாடித்தோட்டம் மதி:
பார்லர் அக்காவிடம் ‘இதில் சாறு எவ்வளவு சதவீதம்’ என்று கேட்டேன். கம்பெனி ரகசியம் என்றார். சன்ஸ்கிரீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோவை சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோவை ஃபார்மா:
கோபம் எதற்கு? அந்தச் சோதனை கிரீமில் 2 சதவீதம் போட்டிருந்தார்கள். எவ்வளவு என்று சொல்லாத டப்பாவுக்கு அந்த 15 சதவீதக் கணக்கைச் சொல்லி விற்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் சோதனைக்குழாய் சார், செல் வளர்ப்புச் சாறு எல்லாமே ஏமாற்று என்று நீங்கள் எழுதினால் நான் மறுபடி வருவேன்.