மகளோடு அரிசோனாவில் மான் வேட்டை: முழங்கால் வலியோடு நான் போகலாமா?

பரமக்குடிக்காரன்:
வணக்கம். சாண்ட்லரில் மகள் வீட்டில் இருக்கிறேன். வயது 63. மகளுக்கு 29, கல்லூரி நாளிலிருந்து நண்பர்களோடு வேட்டைக்குப் போய்வருகிறாள். போன வருடம் குலுக்கலில் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த வருடம் 34ஏ யூனிட்டில் (வேட்டைப் பகுதி) ஒயிட்டெயில் மானுக்கு டேக், அதாவது ஒரு மான் சுட அனுமதிச் சீட்டு, விழுந்திருக்கிறது. சாண்டா ரீட்டா மலை, அக்டோபர் கடைசி. "அப்பா, நீங்களும் வாங்க, நாம ரெண்டு பேர் மட்டும் போவோம்" என்கிறாள்.

ஊரில் மானைத் தொட்டால் ஜெயில் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே எத்தனை மான் எடுக்கலாம் என்று அரசே கணக்குப் பார்த்துத்தான் டேக் கொடுக்கிறது என்று அவள் விளக்கிய பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. லைசென்ஸும் எடுத்துவிட்டேன். கவலை வேறு. வலது முழங்கால் தேய்மானம். ஏறிவிடுவேன், இறக்கத்தில்தான் உயிர் போகும். துப்பாக்கி பிடித்ததில்லை, பிடிக்க ஆசையும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பாவின் ஆடுகளை மேய்த்ததைத் தவிர காட்டு அனுபவம் கிடையாது. என்னால் அவள் டேக் வீணாகக் கூடாது. போனால் எப்படி உதவியாக இருப்பது?

டூசான்வாசி:
கண்டிப்பாகப் போங்கள் ஐயா. பதினோரு வருடமாக நானும் என் மகனும் அந்தப் பக்கம் போகிறோம். அங்கே மான் தேடுவது உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த ஒயிட்டெயில் சின்ன வகை, கூஸ் மான் என்பார்கள். நல்ல ஆணே 45 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பாறையும் காய்ந்த புல்லும் என்ன நிறமோ, அதுவும் அதே நிறம். நடந்து தேடினால் உங்களுக்கு முன்னால் அது உங்களைப் பார்த்துவிடும். விடியுமுன் ஒரு மேட்டில் ஏறி, பைனாக்குலரை டிரைபாடில் மாட்டி, எதிர்ச் சரிவை மரம் மரமாகப் பாருங்கள். கையில் பிடித்தால் ஆடும், பயனில்லை. காலை வெயில் முதுகில் படுகிற மாதிரி இடம் பிடியுங்கள். வெயில் ஏறியதும் மான் படுத்துவிடும். அப்புறம் நிழலை மட்டும் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள். ஒரு காது, மூக்கின் கறுப்பு, படுக்கைவாட்டில் ஒரு முதுகு, இவ்வளவுதான் தெரியும்.

ஆடு மேய்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். கருவேலங்காட்டில் தப்பிப்போன ஆட்டை எப்படித் தேடினீர்களோ அதே கண்தான் வேண்டும். அங்கே நிற்கிற மெஸ்கீட் மரம்கூட நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. என் மகன் என்னைவிட நன்றாகச் சுடுவான். ஆனால் நாங்கள் கொண்டுவந்த ஐந்து மானில் நான்கு என் கண்ணில் பட்டவை.

இறக்கத்துக்கு இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் பகல் 30 டிகிரிக்குப் போகும். மான் விழுந்தால் உடனே தோலை உரித்து, துண்டுகளாக வெட்டி, பருத்திப் பையில் நிழலில் தொங்கவிட வேண்டும். தோலோடு விட்டால் கறி கெட்டுவிடும். வண்டியில் ஐஸ் பெட்டி தயாராக இருக்கட்டும்.

கள்ளிப்பூ:
ஒரு சீப்பு எடுத்துப் போங்கள். சோய்யா கள்ளி உருண்டை காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது. சீப்பை அடியில் கொடுத்து உதற வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். பாம்பு இன்னும் நடமாடும், உட்காரும் பாறையைச் சுற்றிப் பாருங்கள். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் தொட்டிக்குக் கால் மைலுக்குள் கூடாரம் போட்டு மிருகங்களை வரவிடாமல் செய்வது அங்கே குற்றம்.

பரமக்குடிக்காரன்:
போய்வந்தோம். முதல் இரண்டு நாள் பெட்டை மான்களும் பன்றி மாதிரி இருக்கிற ஹாவலினாக் கூட்டம் ஒன்றும்தான். மூன்றாம் நாள் பத்து மணி இருக்கும். ஓக் மர நிழலில் காய்ந்த இலை மாதிரி ஒன்று அசைந்தது. காற்றில்லை, மற்ற இலைகள் அசையவில்லை. மறுபடி அசைந்தது. ஈ விரட்டுகிற காது. "பாப்பா, வெள்ளைப் பாறைக்கு இடது பக்கம் மூணாவது மரம்" என்றேன். "காணோம்பா" என்றாள். டிரைபாடை அசைக்காமல் எழுந்து அவளை என் இடத்தில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொம்பு இருக்குப்பா" என்றாள், குரலே வரவில்லை.

410 கஜம். தூரம் அதிகம் என்று சுடவில்லை. ஓடை வழியாக அவள் சுற்றிக் கிட்டே போக ஒரு மணி நேரம் ஆனது. நான் மேட்டிலேயே பைனாக்குலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் எழுந்தால் நான் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று ஏற்பாடு. கழற்றவே இல்லை. ஒரே வெடி.

ஊன்றுகோல்களோடு நான் போய்ச் சேர்ந்தபோது மானின் கழுத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் நான் பின்காலைத் தூக்கிப் பிடித்தேன், அவள் டேக் கட்டினாள். உரிக்கிற வேலை என் கைக்குத் தெரிந்ததுதான், ஆடு மாதிரியே. கத்தியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் என் பெயரிலும் விண்ணப்பம் போடலாம் என்கிறாள். டேக் அவளுக்கே இருக்கட்டும். இப்போது இருக்கிற பைனாக்குலர் 10×42, பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது. 15×56 வாங்கலாம் என்று நினைக்கிறேன். கண்ணாடி போட்டவர்களுக்கு அது சரிப்படுமா, டூசான் தம்பி?