பூட்லெக் தட்டுகளும் அதிகாரபூர்வ நேரடிப் பதிவுகளும்: ஒரு விவாதம்

நாடாச்சுருள்:

ஒரு மேடை நிகழ்ச்சி அதிகாரபூர்வமாக வெளிவந்த பிறகு, அதே நிகழ்ச்சியின் பூட்லெக் தட்டை, அதாவது கலைஞரின் ஒப்புதலின்றிப் பதிவு செய்து விற்ற கள்ளத்தட்டை, வைத்திருப்பதில் பொருள் உண்டா என்பதே என் கேள்வி. பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் ஒரு பூட்லெக் சிடி இருக்கிறது. அதிலுள்ள அதே இரவை அக்குழுவினரே அண்மையில் வெளியிட்டார்கள். வாங்கி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தெளிவில் புதியதே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றாம் பாடலுக்குப் பின் கிதார் கலைஞர் அறுந்த தந்தியை மாற்றிச் சுருதி சேர்க்கும் இரண்டு நிமிடமும், அந்த இடைவெளியை நிரப்பப் பாடகர் அரங்கத்தோடு வளர்க்கும் பேச்சும் புதியதில் இல்லை. இறுதிப் பாடல் என் தட்டில் 11 நிமிடம் 37 வினாடி. புதியதில் 12 நிமிடம். கூடுதலாக ஒரு சுரமும் இல்லை, ஆனால் பாட்டு தொய்ந்து ஒலிக்கிறது. ஸ்டுடியோவில் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பூட்லெக் இல்லையென்றால் அதிகாரபூர்வ வெளியீடுகளில் பாதி வந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1969 நவம்பரில் ஓக்லண்டில் நடத்திய நிகழ்ச்சி சில வாரங்களுக்குள் கள்ளத்தட்டாக விற்பனைக்கு வந்தது. அதே பயணத்தின் அதிகாரபூர்வ நேரடி ஆல்பம் 1970 செப்டம்பரில்தான் வந்தது. அந்தக் கள்ளத்தட்டுக்குப் பதிலாகவே அது வந்தது என்று கருதுவோர் பலர்.

மேடைக்கலைஞன்:

நண்பரே, நான் மேடையில் வாசிப்பவன். ஆகவே இவ்விவாதத்தில் நடுநிலையாளன் அல்லன். உங்களுக்கு இனிக்கும் அந்த இரண்டு நிமிடம், தந்தி அறுந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எது வெளியே போகலாம், எது அந்த அரங்கத்தோடு நின்றுவிட வேண்டும் என்று தீர்மானிப்பது வாசிப்பவரின் உரிமை. எழுத்தாளர் கிழித்துப் போட்ட தாளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து அச்சிட்டு விற்பதை நாம் ஏற்போமா?

சட்டம் இதை உணர்ந்துகொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. பிரிட்டிஷ் பாடகர் ஃபில் காலின்ஸ் 1983இல் கலிஃபோர்னியாவில் நடத்திய நிகழ்ச்சி ஒன்று அவருடைய ஒப்புதலின்றிப் பதிவாகி, ஜெர்மனியில் சிடியாக விற்கப்பட்டது. வெளிநாட்டில் நடந்த நிகழ்ச்சிக்கு ஜெர்மானியக் கலைஞராயின் பாதுகாப்பு உண்டு, பிரிட்டிஷ் கலைஞருக்கு இல்லை என்பதே அன்றைய நிலை. குடியுரிமையை வைத்து இவ்வாறு பாகுபாடு காட்டக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1993 அக்டோபரில் தீர்ப்பளித்த பிறகே அந்த ஓட்டை அடைபட்டது. நேரடி நிகழ்ச்சியை ஒப்புதலின்றிப் பதிவு செய்து விற்பதற்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் 1994இல்தான் வந்தது. அதுவரை கொழித்தவர்கள் ரசிகர்களும் அல்லர், கலைஞர்களும் அல்லர், தட்டு அச்சிட்டவர்கள்தாம்.

மேலும், அந்தத் தட்டுகளின் உறையில் உள்ளதை நம்பவும் முடியாது. பாப் டிலன் 1966இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பாடியது என்ற பெயரில் பல்லாண்டுகளாகச் சுற்றிய பதிவு, உண்மையில் அவ்வாண்டு மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் அரங்கில் நடந்ததாகும்.

நாடாச்சுருள்:

மிக்க நன்றி, நான் தேடிய எடுத்துக்காட்டை நீங்களே தந்துவிட்டீர்கள். மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தியதையும், டிலன் அதற்கு மறுமொழி சொன்னதையும் உலகம் எதன் வழியாக அறிந்தது? உறையில் ஊர் தவறு, உள்ளே இருந்தது உண்மை. நிறுவனம் அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1998இல், அதாவது நிகழ்ச்சி நடந்து 32 ஆண்டுகள் கழித்து. அந்தத் தொடருக்கே 'பூட்லெக் வரிசை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! வாசிப்பவருக்கு உரிமை உண்டு என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்திருப்பது வாசிப்பவர் மட்டுமா, நிறுவனமுமா?

உங்கள் குப்பைக்கூடை உவமையும் பொருந்தவில்லை. கிழித்த தாளை எவரும் படித்ததில்லை. மேடையில் வாசித்ததை ஆயிரக்கணக்கானோர் கட்டணம் செலுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

ஏழாம்வரிசை:

இருவருமே பதிவு செய்பவரையும் தட்டு விற்பவரையும் ஒரே ஆளாக்கிப் பேசுகிறீர்கள். நான் கேசட் காலத்தில் அரங்குகளில் பதிவு செய்தவன். ஒரு தட்டைக்கூட விற்றதில்லை. சட்டைக் காலரின் இருபுறமும் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு, தொண்ணூறு நிமிடம் கைதட்டாமல், தலையை அசைக்காமல், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்ற கவலையோடு உட்கார்ந்திருப்பது இன்பமான வேலை அன்று. தலையைத் திருப்பினால் ஒலியும் திரும்பிவிடும். பிடித்த பாட்டு வரும்போதுதான் மிகவும் துன்பம், ஏனெனில் அப்போதுதான் கேசட்டைப் புரட்டிப் போடும் நேரமும் வரும்.

எங்களுக்குள் இருந்த விதி எளியது: நாடாவுக்கு நாடா, காசு வாங்கக் கூடாது. நாங்கள் பரிமாறிக்கொண்ட பதிவுகளை எவரோ சிடியாக அச்சிட்டுப் பளபளப்பான உறையிட்டு விற்றபோது, மேடைக்கலைஞருக்கு வரும் அதே கோபம் எங்களுக்கும் வந்தது. இந்த வேறுபாட்டைக் கலைஞர்களும் அறிந்தே இருந்தார்கள். கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் பதிவு செய்வோருக்கென்று அரங்கில் தனிப் பகுதியே ஒதுக்கியது. வணிகம் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. அதனால் அவர்களுடைய அதிகாரபூர்வ விற்பனை படுத்துவிடவில்லை. 1977 மே மாதம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சியை ரசிகர்கள் பல்லாண்டுகள் நாடாவில் கேட்டுத் தேய்த்திருந்தும், 2017இல் அது முறையாக வெளிவந்தபோது விரும்பி வாங்கினார்கள்.

மேடைக்கலைஞன்:

ஏழாம்வரிசை ஐயா சொல்லும் வேறுபாட்டை ஏற்கிறேன். கிரேட்ஃபுல் டெட் ஒப்புதல் அளித்தார்கள். நான் வேண்டுவதும் அதுவே. பேர்ல் ஜாம் குழுவினர் 2000ஆம் ஆண்டுப் பயணத்தில் 72 நிகழ்ச்சிகளைத் தாங்களே ஆல்பங்களாக வெளியிட்டார்கள். இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவோ 1991இல், தம் பெயரில் திரிந்த கள்ளத்தட்டுகளையே அப்படியே நகலெடுத்து அதிகாரபூர்வமாக வெளியிடச் செய்தார். திருடனிடமிருந்து திருடுவது இதுதான்! (ஒலி கேட்கச் சகிக்காது என்பது வேறு செய்தி.) ஆனால் ஒப்புதல் தராத குழுவின் நிகழ்ச்சியில் காலருக்குள் ஒலிவாங்கியை ஒளித்துக்கொண்டு உட்காரும்போது, காசு வாங்கவில்லை என்பது மட்டும் விடையாகுமா?

ஏழாம்வரிசை:

ஆகாது. அதனால்தான் ஒளித்தேன். இருந்தும் ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கின் நூலகராக இருந்த லயனல் மேப்பிள்சன், 1901 முதல் 1903 வரை, மேடைக்கு மேலிருந்த பாலத்தில் மெழுகு உருளைக் கருவியை வைத்துப் பதிவு செய்தார். ஜான் டி ரெஸ்கே என்ற புகழ்பெற்ற பாடகரின் குரலை இன்று நாம் கேட்க முடிவது அந்த உருளைகளில் மட்டுமே. இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும். இருந்தாலும் கேட்கிறது.

டெசிபல்:

ஒலிப்பொறியாளன் என்ற முறையில் சில திருத்தங்கள். நேரடி ஆல்பம் என்று அச்சிட்ட எல்லாமே ஓர் இரவின் நேர்மையான பதிவு என்று எண்ண வேண்டாம். லெட் செப்பலின் குழு 2003இல் வெளியிட்ட மூன்று சிடித் தொகுப்பு, 1972 ஜூனில் இருவேறு அரங்குகளில் நடந்த நிகழ்ச்சிகளை இணைத்துச் செய்யப்பட்டது. பல குழுக்கள் ஸ்டுடியோவில் மீண்டும் பாடி ஒட்டுவதும் உண்டு. அது குற்றம் அன்று. உறையில் சொல்லாமல் விடுவதே குறை. மறுபுறம், அரங்கின் ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவே உயர்ந்தது என்ற நம்பிக்கையும் பாதி மெய்தான். சிறிய அரங்கில் கிதாரும் டிரம்சும் தம் சொந்த ஓசையிலேயே அரங்கை நிரப்பிவிடும். ஆகவே பொறியாளர் அவற்றை மிக்சரில் குறைத்தே வைப்பார். அந்தப் பதிவில் பாடகர் காதருகே கத்துவார், கிதார் அடுத்த அறையில் ஒலிக்கும். ஏழாம் வரிசையில் இருந்தவருடைய கேசட்டில் சமநிலை சில வேளைகளில் இதைவிட நன்றாகவே இருக்கும்.

நாடாச்சுருள் அவர்களே, உங்கள் 23 வினாடிக்கு வருகிறேன். ஸ்டுடியோவைக் குறை சொல்லும் முன் ஒன்று செய்து பாருங்கள். பாடல்களுக்கு இடையே ஆம்ப்ளிஃபயர்கள் 'ம்ம்ம்' என்று முனகுவது கேட்கிறதா? அது மின்சாரத்தின் ஓசை. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைவது. ஆகவே அமெரிக்க நிகழ்ச்சியாயின் அந்த ஓசை 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கணினியில் இலவச ஒலி மென்பொருள் ஒன்றில் திறந்து, இரு பதிவுகளிலும் அந்த முனகலை அளந்து பாருங்கள்.

நாடாச்சுருள்:

அளந்தேன். நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்ததுதான். புதிய வெளியீட்டில் 60. என் தட்டில் 62.

டெசிபல்:

அப்படியானால் உங்கள் தட்டு மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல் வேகமாக ஓடுகிறது. சுருதி, அரைச்சுரத்தில் பாதிக்கும் சற்று அதிகமாக ஏறியிருக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 23 வினாடிதான் குறையும். கணக்குச் சரியாக இருக்கிறது. பதிவு செய்தவருடைய கருவியில் பாட்டரி தளர்ந்திருக்கலாம். பதிவாகும்போது நாடா மெதுவாக நகர்ந்தால், சரியான வேகத்தில் ஒலிக்கவிடும்போது எல்லாம் விரைந்து கேட்கும்.

நாடாச்சுருள்:

பதினைந்து ஆண்டுகளாக அந்த இறுதிப் பாடலின் ஆவேசத்தை வாய் ஓயாமல் புகழ்ந்து வந்திருக்கிறேன். அது ஒரு தளர்ந்த பாட்டரியின் ஆவேசம் என்று இன்று தெரிந்துகொண்டதில் எனக்குச் சிறிதும் மகிழ்ச்சி இல்லை. ஸ்டுடியோவின் மீது சுமத்திய பழியைத் திரும்பப் பெறுகிறேன். சிடியை எறியப் போவதில்லை. வேகத்தைத் திருத்தி ஒரு கோப்பாக்கி, தந்தி மாற்றும் அந்த இரண்டு நிமிடத்தைப் புதிய வெளியீட்டின் மூன்றாம் பாடலுக்கும் நான்காம் பாடலுக்கும் இடையில் எனக்காக ஒட்டி வைத்துக்கொள்வேன்.

மேடைக்கலைஞன்:

விற்காத வரையில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி: தந்தியை மாற்றி முடித்தபின் அவர் சுருதியைச் சரியாகச் சேர்த்தாரா?

நாடாச்சுருள்:

இல்லை. நான்காம் பாடல் முழுவதும் ஒரு தந்தி சற்று இறங்கியே ஒலிக்கிறது. புதிய வெளியீட்டிலும் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.