உதவி தேவை: குளியலறைக் கூரையில் கசிவு, கம்பியும் தெரிகிறது. பூசி மறைத்தால் போதுமா?

ஈசூன் மல்லிகா
வணக்கம். எங்களுடையது சிங்கப்பூர் ஈசூனில் 1988இல் கட்டி முடித்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக். ஒன்பதாம் மாடி, நான்கறை வீடு. குளியலறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சில்லு கான்கிரீட் பெயர்ந்து தரையில் விழுந்து கிடந்தது. பெயர்ந்த இடத்தில் விரல் நீளத்துக்குத் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கறையின் நடுவில் வெள்ளையாக, குட்டி முள்போல ஒன்று கீழ்நோக்கி வளர்ந்திருக்கிறது. அதன் நுனியில் எப்போது பார்த்தாலும் ஒரு சொட்டு நீர்.

தீபாவளிக்குச் சாயம் அடிக்க வந்தவர், "சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி அடித்துவிடலாம், வெளியே தெரியாது" என்கிறார். கணவரும் அதற்குச் சரி என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மேல்வீட்டில் வயதான சீன ஆன்டி ஒருவர் தனியாக இருக்கிறார். மின்தூக்கியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அவரிடம் போய் என்னவென்று பேசுவது? செலவு யார் தலையில் விழும்?

பிடோக்வாசி
சாயக்காரர் சொன்னது முழுக்க உண்மை. வெளியே தெரியாது. அடுத்த தீபாவளி வரைக்கும்.

கட்டுமான மாமா
நான் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மல்லிகா, முதலில் அந்தக் குளியலறை விளக்கைப் பாருங்கள். கறை அதை நெருங்கியிருந்தால் மின்பெட்டியில் அந்த விளக்குக்கான சுவிட்சை அணைத்துவிடுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து பார்க்கும் வரை போட வேண்டாம். பெயர்ந்த இடத்துக்கு நேர் கீழே யாரும் நிற்கவும் வேண்டாம். ஒரு சில்லு விழுந்த இடத்தில் அடுத்ததும் தயாராகத்தான் இருக்கும். துடைப்பக் கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்த இடம் பொத்பொத்தென்று கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு கோளாறு. ஒன்று நீர்க்கசிவு, மற்றது கம்பித் துரு. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே நெம்பித் தள்ளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் அதையும் தள்ளும். முறையாகச் செய்வதென்றால் தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியின் துருவைச் சுத்தமாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பிறகே பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையால் நிரப்ப வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீரை நிறுத்தாமல் கூரையைத் தொடாதீர்கள்.

அந்த வெள்ளை முள் கான்கிரீட்டிலுள்ள சுண்ணாம்புதான். தண்ணீர் அதைக் கரைத்துக் கொண்டுவந்து நுனியில் விட்டுவிட்டுப் போகிறது. அது வளர நாளாகும். ஆகவே இது நேற்று தொடங்கிய கசிவல்ல.

எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சொட்டு விழும் நேரத்தைக் கவனியுங்கள். மேலே குளித்த பிறகு கூடினால், பெரும்பாலும் தரைக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலம் போயிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் வடியும் வாயைச் சுற்றி இடைவெளி விழுந்திருக்கும். கழிப்பறையில் நீர் இறைக்கும்போது மட்டும் என்றால் கழிவுக் குழாயின் மூட்டு. பழைய புளோக்குகளில் மேல்வீட்டுக் கழிவுக் குழாய் உங்கள் கூரைக்குக் கீழேதான் ஓடும், கையால் தடவியே பார்க்கலாம். மேலே யாரும் இல்லாதபோதும் ஒரே சீராகச் சொட்டினால் குடிநீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: டைல்ஸுக்கு அடியிலுள்ள சிமெண்டுப் படுகை பஞ்சுபோல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் படலக் கசிவும் சில சமயம் ஓயாமல் சொட்டும். ஒரு நாளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

தெம்பனிஸ் கவிதா
செலவைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் நடந்தது. வீவக கிளை அலுவலகத்தில் தெரிவித்தால் ஆள் வந்து பார்ப்பார்கள். நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் கூரைக் கசிவுக்கு வீவக 50 விழுக்காடு ஏற்கிறது. மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு. கான்கிரீட் பெயர்வுக்குப் பாதி அவர்கள், பாதி நீங்கள். "உங்கள் தண்ணீர்தானே, நீங்களே கட்டுங்கள்" என்று மேல்வீட்டாரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தப்படி நடுவிலுள்ள அந்தத் தளத்துக்கு இரு வீட்டாருமே பொறுப்பு.

ஜூரோங் செல்வம்
அவ்வளவு தூரம் போவானேன்? கீழிருந்தே விரிசலில் ரசாயனத்தை ஊசிபோலச் செலுத்துகிறார்கள். மேலே ஒரு டைல்ஸைக்கூட உடைக்க வேண்டாம். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

கட்டுமான மாமா
செல்வம், ஒரு விரிசல் வழியாக மட்டும் வந்தால் அது பயன்படும், மறுக்கவில்லை. படலமே போயிருந்தால் அந்த வழியை அடைத்ததும் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். கம்பி வேறு உள்ளே ஈரத்திலேயே கிடக்கும். மேல்வீட்டார் ஒத்துவராத காலத்துக்குத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம்.

ஈசூன் மல்லிகா
எல்லாருக்கும் நன்றி. கவனித்துப் பார்த்தேன். இரவில் ஆன்டி குளித்த பிறகு சொட்டு வேகம் பிடிக்கிறது. கழிவுக் குழாய் தடவினால் காய்ந்துதான் இருக்கிறது. கணவரிடம் மாமா எழுதியதைப் படித்துக் காட்டினேன். பதில் இல்லை, ஆனால் சாயக்காரரிடம் குளியலறை மட்டும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆன்டியிடம் பேசுவதுதான் பாக்கி.

தெம்பனிஸ் கவிதா
குற்றம் சொல்லப் போகிறவர்போலப் போகாதீர்கள். அவருக்கு மாண்டரின் மட்டும்தான் என்றால் பேசத் தெரிந்த அண்டைவீட்டார் யாரையாவது கூட அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டுங்கள். எங்கள் மேல்வீட்டுக்காரர் வாசலில் நின்றவரை "எங்கள் வீட்டுத் தரை காய்ந்துதான் இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கீழே வந்து அண்ணாந்து பார்த்தவர் பிறகு வாதாடவில்லை. பாதிச் செலவை வீவக ஏற்கும் என்பதை அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். தனியாக இருப்பவர்களுக்குக் காசு பயம்தான் பெரிது.

பிடோக்வாசி
டைல்ஸ் உடைக்கும் நாள்களில் அவர் எங்கே குளிப்பார் என்பதையும் யோசியுங்கள். இரண்டாவது குளியலறை இருந்தால் கவலை இல்லை. உடைக்கும் வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணி வரைதான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது.

ஈசூன் மல்லிகா
ஆன்டி வந்து பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்தான் மொழிபெயர்த்தாள். சுண்ணாம்பு முள்ளைப் பார்த்து, "அப்படியானால் என் தரைக்கு அடியிலும் தண்ணீரா?" என்று அவர் பயந்துபோனார். இருவரும் சேர்ந்தே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம். கடைசியாக ஒன்று: பழைய வீவக வீடுகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கு இன்னும் வரவில்லை. அதுவரை பொறுக்கலாமா? வேலை முடிந்ததும் பொய்க்கூரை போட்டுக்கொள்ளலாமா?

கட்டுமான மாமா
1997 வரை கட்டிய வீடுகளுக்கும் அந்தத் திட்டத்தை 2018இல் நீட்டித்தார்கள். பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது அதில் அவசிய வேலைகளில் ஒன்று. குடிமக்களுக்குச் செலவு இல்லை. ஆனால் உங்கள் புளோக்கின் முறை எப்போது வரும் என்று பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. கம்பி வெளியே வந்துவிட்டது. இப்போதே செய்யுங்கள்.

பொய்க்கூரைக்கு அவசரப்படாதீர்கள். மேலே படலம் போட்டதும் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிப்பார்கள். அது தேறிய பிறகும் உங்கள் கான்கிரீட் உலரச் சில வாரங்கள் ஆகலாம். ஈரத்தின் மேல் சாயம் அடித்தால் கொப்பளிக்கும், பொய்க்கூரை போட்டால் பூஞ்சை பிடிக்கும். பிறகு போடுவதாக இருந்தால், குழாய் மூட்டுக்கு நேராகத் திறந்து பார்க்கும்படி ஒரு கதவு வைக்கச் சொல்லுங்கள்.