கண் தானம் பண்ணப்புறம் ஹெபடைடிஸ் பி இருக்குன்னு சொல்றாங்க, நம்பலாமா?

தேனிக்காரன்:
அப்பா போன மாசம் ஹார்ட் அட்டாக்ல வீட்டுலயே தவறிட்டாரு. அவரே சொல்லி வெச்சிருந்ததால ஐ பேங்க்குக்கு போன் போட்டோம், வந்து கண்ணு எடுத்தாங்க, கூடவே ஒடம்புலேர்ந்து ரத்தமும் எடுத்தாங்க. எதுக்குன்னு கேக்கற நெலமைல யாரும் இல்ல. இப்ப கூப்பிட்டு ஹெபடைடிஸ் பி ரியாக்டிவ், அதாவது டெஸ்ட்ல பாசிட்டிவ், அதனால கண்ண யாருக்கும் வெக்கலன்னு சொல்றாங்க. அவருக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லீங்க. கிட்டு தப்பா காட்டிருக்குமா?

லேப்வாசி:
அப்பாவுக்கு அஞ்சலி. நான் கொஞ்ச வருஷம் ஐ பேங்க்ல இருந்தேன். கண்ணு எடுக்கற எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்து ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பாப்போம், ரிசல்ட் வராம கார்னியா (கண்ணுக்கு முன்னாடி இருக்கற கண்ணாடி மாதிரி படலம், அதத்தான் அடுத்தவங்களுக்கு வெப்பாங்க) வெளிய போகாது. ஹெபடைடிஸ் பி ஒண்ணும் தெரியாமயே பல வருஷம் ஒடம்புல இருக்கும், காமாலை வரணும்னு இல்ல. அதே நேரம் இறந்தவங்க ரத்தத்துல செவப்பணு ஒடஞ்சிருக்கும், அதனால தப்பா பாசிட்டிவ் வரவும் சான்ஸ் உண்டு. சந்தேகம்னாலே ரிஜெக்ட்தான், அத வெச்சு அப்பாவுக்கு நோய் இருந்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா அம்மாவும் நீங்களும் ஹெச்பிஎஸ்ஏஜி (இப்ப ஒடம்புல கிருமி இருக்கான்னு காட்டற டெஸ்ட்), கூடவே கோர் ஆன்டிபாடியும் (கிருமி எப்பவாவது தொத்திருந்தா ஒடம்பு உருவாக்கற எதிர்ப்பொருள்) பாத்துருங்க, இல்லன்னு வந்தா தடுப்பூசி போட்டுக்கலாம். ஒரே தட்டுல சாப்பிட்டா எல்லாம் ஒட்டாது, பயப்படாதீங்க, ரேசர் ஷேர் பண்றது மாதிரி விஷயம்தான் யோசிக்கணும்.

சும்மாபாக்கறவன்:
நடுவுல பூந்து கேக்கறேன், நெகட்டிவ்னு வந்தா மட்டும் நம்பலாமா?

லேப்வாசி:
நல்ல கேள்வி, முழுசா நம்ப முடியாது. 1985ல அமெரிக்காவுல ஒருத்தர் துப்பாக்கிச்சூட்டுல செத்தாரு, ஹெச்ஐவி ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ், உறுப்பு எலும்பு கார்னியான்னு நெறைய பேருக்கு போச்சு. கிருமி புதுசா நுழைஞ்சிருந்ததால ஆன்டிபாடி இன்னும் உருவாகல, அதான் விண்டோ பீரியட். கடைசில ஏழு பேருக்கு ஹெச்ஐவி: உறுப்பு வாங்குன நாலு பேரு, பதப்படுத்தாத ஃப்ரோசன் எலும்பு வெச்ச மூணு பேரு. கார்னியா வெச்ச ரெண்டு பேருக்கு வரல. இப்ப வைரஸோட மரபணுவையே தேடற நாட் டெஸ்ட் இருக்கறதால அந்த இடைவெளி சுருங்கிருக்கு, ஆனா சுத்தமா போகல. இன்னொண்ணு, ஐசியூல டிரிப்ஸும் ரத்தமும் நெறைய ஏத்திருந்தா சாம்பிள் நீர்த்துப்போய் பொய்யா நெகட்டிவ் காட்டும், அதுக்குத்தான் ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம் இருக்கான்னு ஆஸ்பத்திரில கேப்போம்.

அப்புறம் வீட்டாருங்க கோவப்படற அந்த கேள்விங்க, நாய் கடிச்சுதா, எப்படி செத்தாருன்னு. ரேபிஸ் 1978லயே கார்னியா வழியா ஒரு பேஷன்டுக்கு போய் அவங்க செத்திருக்காங்க, அத இந்த நாலு டெஸ்ட்டும் புடிக்காது, நீங்க சொன்னாதான் உண்டு.

தேனிக்காரன்:
அந்த நாய்க்கடி கேள்விக்கு சித்தப்பா சண்டைக்கே போயிட்டாரு, இப்ப புரியுது. நாளைக்கு அம்மாவ டெஸ்ட்டுக்கு கூட்டிட்டுப் போறேன். எடுத்த கண்ண என்ன பண்ணுவாங்கண்ணே?

லேப்வாசி:
ரியாக்டிவ்னா பெரும்பாலும் பாதுகாப்பா அழிச்சிருவாங்க தம்பி, எங்க இடத்துல அப்படித்தான். உங்க ஐ பேங்க்லயே கேளுங்க, சொல்லுவாங்க. ரிப்போர்ட் காப்பியும் வாங்கிக்கங்க, டாக்டர்கிட்ட காட்ட உதவும்.