புதுப்பிப்பு: சிங்கராஜாவுக்குப் போய் வந்தோம்

ஆண் இணையரான நாங்கள் இருவரும் கொழும்பை விட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருக்க எந்தக் காடு உகந்தது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி சிங்கராஜா மழைக்காட்டுக்கே சென்றோம்.

எங்கள் பயம் இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றியதல்ல, அறையைப் பற்றியது. தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் கூறிய பின்னரும் அப்பிரிவு நீங்கவில்லை என்பதால், விடுதிக்காரர் "அண்ணன் தம்பியா?" என்று கேட்டபோது நான் தடுமாறினேன், என் துணைவனோ "இல்லை ஐயா, ஒரே வீட்டில் இருக்கிறோம்" என்றான். அவர் தலையசைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

கலவானை வரை பேருந்து, அங்கிருந்து காட்டின் நுழைவாயிலான குடாவைக்கு முச்சக்கர வண்டி. வழிகாட்டியின்றி உள்ளே விடமாட்டார்கள். காலுறையில் சவர்க்காரம் தேய்த்தும் ஓர் அட்டை அவனுடைய கணுக்காலில் ஏறிவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரம் நடக்கும்போதுகூட ஓரடி தள்ளியே நடக்கும் நான், வழிகாட்டியின் முன்னாலேயே மண்டியிட்டு, அவன் காலை மடியில் வைத்து, அதை நகத்தால் நெம்பி எடுத்தேன். வழிகாட்டி மேலே கத்திய நீல வால் பறவையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் மறுபடி போகிறோம்.