சோஜர்னர் ட்ரூத் 1851 இல் உண்மையில் என்ன பேசினார்? மாணவியின் பேச்சுக்காக ஒரு கேள்வி

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. எனது தரம் 10 மாணவி ஒருத்தி, அடிமையாகப் பிறந்து பின்னர் அடிமை ஒழிப்புக்காக ஊரூராகச் சென்று பேசிய சோஜர்னர் ட்ரூத் அம்மையாரைத் தனது போட்டிப் பேச்சுக்குத் தானாகவே தேர்ந்தெடுத்திருக்கிறாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் 1851 ஆம் ஆண்டு நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரையே அவளுடைய பேச்சின் மையம். "நான் பெண் இல்லையா?" என்று மீண்டும் மீண்டும் வரும் வரியை அவள் மனனம் செய்துவிட்டாள், அந்த இடத்தில் அவள் குரல் உயரும்போது எனக்கே மெய் சிலிர்க்கிறது.

ஆனால் அந்த வரி அம்மையாருடையதே அல்ல என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அதே உரையில் "பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றேன்" என்றும் வருகிறது. வாழ்க்கைக் குறிப்புகளிலோ ஐந்து பிள்ளைகள் என்றே காண்கிறேன். ஒரு பிள்ளையின் வாயால் பிழையான ஒன்றைச் சபையில் சொல்ல வைக்க எனக்கு மனமில்லை. அறிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற நூலகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த உரைக்கு இரண்டு பாடங்கள், அதாவது இரண்டு எழுத்து வடிவங்கள், உள்ளன. முதலாவது, மாநாட்டுக்கு நேரில் சென்றிருந்த மரியஸ் றொபின்சன் தமது அடிமை ஒழிப்பு ஏட்டில் 1851 ஜூன் 21 அன்று, அதாவது உரை நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள், வெளியிட்டது. இரண்டாவது, அம்மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் கேஜ் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 இல், நினைவிலிருந்து எழுதியது. "நான் பெண் இல்லையா?" என்ற வரியும் பதின்மூன்று பிள்ளைகளும் இந்த இரண்டாவது பாடத்தில் மட்டுமே உள்ளன.

இன்னொரு சான்று மொழியில் இருக்கிறது. கேஜ் அம்மையார் சோஜர்னர் ட்ரூத்தைத் தென்மாநில அடிமைகளின் கொச்சை ஆங்கிலத்தில் பேச வைக்கிறார். ஆனால் இசபெல்லா என்ற இயற்பெயருடன் 1797 ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த அந்தப் பெண்ணின் தாய்மொழி ஒல்லாந்த மொழி. முதல் உடைமையாளர்கள் ஒல்லாந்தக் குடும்பத்தினர். ஏறத்தாழ ஒன்பது வயதில், ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து, நூறு டொலருக்கு அவர் ஏலத்தில் விற்கப்பட்டார். வாங்கியவர் ஆங்கிலம் பேசுபவர். ஏவியது என்னவென்று விளங்காமல் சிறுமி தடுமாறியதற்கெல்லாம் அடி விழுந்தது. கோல்களைச் சேர்த்துக் கட்டி அடித்த அந்தத் தழும்புகளை அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்தார். ஆங்கிலத்தை அடிவாங்கிக் கற்ற ஒருவருக்கு வேறொருவர் கொச்சையைப் பூட்டியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அம்மையார் எழுத வாசிக்கக் கற்கவில்லை. ஆகவே நமக்குக் கிடைப்பதெல்லாம் பிறர் கை எழுதியவையே. றொபின்சனின் பாடமும் சொல்லுக்குச் சொல் சரியென்று கொள்ள முடியாது. என்றாலும் அருகில் இருந்து உடனே எழுதியதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

பதில் 2: மேடைப்பேச்சுப் பயிற்றுநர்

நூலகர் ஐயா சொன்ன செய்திகளை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் அந்த வரியை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிரித்தானிய அடிமை ஒழிப்பாளர்கள் 1787 இலேயே "நான் மனிதனும் சகோதரனும் அல்லவா?" என்ற வாசகத்தைத் தமது முத்திரையில் பொறித்திருந்தார்கள், பின்னர் பெண்களின் சங்கங்கள் அதையே "நான் பெண்ணும் சகோதரியும் அல்லவா?" என்று மாற்றிக்கொண்டன. அந்த வாசகத்தின் சாயல்தான் கேஜ் அம்மையாரின் பேனாவில் இறங்கியதென்று எனக்குப் படுகிறது. இயக்கத்தின் குரலாக அதை ஒரு முறை சொல்லட்டும். அம்மையாரின் குரலாகச் சொல்ல வேண்டாம்.

பதில் 3: கொம்பனித்தெருவாசி

உரையை மட்டும் பிடித்துக்கொண்டால் அவருடைய பெரும் செயல் விடுபட்டுப்போகும் என்று அஞ்சுகிறேன். நியூயோர்க் மாநிலம் 1827 ஜூலை 4 அன்று அடிமைகளை விடுவிக்கவிருந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே விடுவிப்பதாகச் சொன்ன உடைமையாளர் வாக்குத் தவறினார். கம்பளி நூல் நூற்கும் வேலையைத் தம் மனச்சாட்சிக்கு நிறைவாக முடித்துக் கொடுத்துவிட்டு, 1826 இன் பிற்பகுதியில் ஒரு விடியற்காலையில், கைக்குழந்தையான சோபியாவுடன் அவர் நடந்து வெளியேறினார். அடைக்கலம் கொடுத்த வான் வாகனென் குடும்பத்தினர், எஞ்சிய காலத்து உழைப்புக்காக இருபது டொலரையும் குழந்தைக்காக ஐந்து டொலரையும் கொடுத்து அவரை மீட்டார்கள்.

அதற்குள் அவருடைய மகன் பீற்றர், ஐந்து வயதுப் பாலகன், அலபாமாவுக்கு விற்கப்பட்டுவிட்டான். வெளி மாநிலத்துக்கு அவ்வாறு விற்பதை நியூயோர்க் சட்டம் தடை செய்திருந்தது. கையில் பணமோ எழுத்தறிவோ இல்லாத அந்தத் தாய் நீதிமன்றப் படியேறி, 1828 இல் மகனை மீட்டெடுத்தார். திரும்பி வந்த பிள்ளையின் உடல் முழுவதும் காயத் தழும்புகள். வெள்ளையர் ஒருவருக்கு எதிராக இப்படி வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். சோஜர்னர் ட்ரூத் என்ற பெயரை அவர் சூடிக்கொண்டது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1843 இல்.

நான் வசிக்கும் கொம்பனித்தெரு, ஒல்லாந்தக் கம்பனி தனது அடிமைகளைத் தங்கவைத்த இடம். இசபெல்லாவின் தாலாட்டு மொழியைப் பேசியவர்களே இங்கும் மனிதரை அடிமைகளாக வைத்திருந்தார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீங்கியது 1844 இல். மாணவி கொழும்பில் நின்று பேசுவதால் இதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

மீண்டும் வெள்ளவத்தை ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. றொபின்சனின் பாடத்தை மாணவியும் நானும் சேர்ந்து இன்று வாசித்தோம். உழுதேன், அறுத்தேன், விறகு வெட்டினேன், இதைவிட எந்த ஆண் கூடுதலாகச் செய்வான் என்று அவர் கேட்கும் இடத்தைக் கண்டதும், பழைய வரியை விட்டுவிடுவதாக அவளே சொல்லிவிட்டாள். பீற்றரின் வழக்கையே தொடக்கமாக வைக்கிறோம்.

ஒரு சிறு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பெண்ணின் அறிவு ஒரு பைந்து (ஆங்கிலேயரின் முகத்தலளவை), ஆணின் அறிவு இரண்டு பைந்து என்றால், அவளுடைய ஒரு பைந்தை நிரப்பிக்கொள்ள ஏன் விடக்கூடாது என்று அதே பாடத்தில் அம்மையார் கேட்கிறார். பைந்து என்றால் சபைக்கு விளங்காது. அரைப்போத்தல், போத்தல் என்று சொன்னால் பொருள் வேறு பக்கம் போய்விடும்.

பதில் 4: ஓய்வுபெற்ற நூலகர்

கொத்தால் அளந்து சொல்லுங்கள், ஆசிரியை. "பெண்ணுக்கு அரைக்கொத்து, ஆணுக்கு ஒரு கொத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவளுடைய அரைக்கொத்தை நிரம்ப அளந்துகொள்ள விடுவதில் உங்களுக்கு என்ன தடை?" அளவு இரண்டுக்கு ஒன்று என்பதும் மாறாது. நெல்லும் அரிசியும் அளந்து வளர்ந்த எங்கள் வயதினருக்கு உடனே விளங்கும். நடுவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதினராகவே இருப்பார்கள்.